கவுன்சிலிங் முடிஞ்சிடுச்சு

வைகாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் கலைமதி பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேராக உப்பளத்துக்கு வந்து வரப்பின்மேல் உட்கார்ந்தாள். மரக்காணத்து உப்பளத்தில் அந்த நேரத்துக்கு எவனும் சும்மா வந்து உட்கார மாட்டான். மேலேயிருந்து விழும் வெயில் ஒரு பங்கு என்றால் பாத்தியிலிருந்து திருப்பி அடிப்பது இரண்டு பங்கு. வேலை செய்கிறவர்களே விடிவதற்கு முன் இறங்கிப் பதினோரு மணிக்குள் கரையேறிவிடுவார்கள்.

அவள் அப்பன் சிவஞானம் கணுக்கால் தண்ணீரில் நின்று பலகையால் உப்பை இழுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தான். அம்மா மலர்கொடி தலையில் கூடையோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். நடை மாறினால் கூடை சாயும் என்பதால் அவள் நிற்கவில்லை. மகளைத் தாண்டிப் போய், அம்பாரத்தில் உப்பைக் கொட்டிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள்.

"என்னாடி நர்ஸம்மா, எங்களுக்கெல்லாம் ஊசி போட வந்துட்டியா?" என்று விருத்தாம்பாள் கத்தினாள். மலர்கொடியோடு கூடை சுமப்பவள், வாய்க்குப் பூட்டே கிடையாது. "எனுக்கு இடுப்புல போடு. அங்கதான் நோவு."

நாலு பேர் சிரித்தார்கள். கலைமதி சிரிக்கவில்லை.

"லீவா?" என்றான் சிவஞானம்.

"ம்."

"எத்தினி நாளு?"

கலைமதி குனிந்து செருப்பில் ஒட்டிய உப்பைத் தட்டினாள். மலர்கொடி மகளின் முகத்தைப் பார்க்கவில்லை, பக்கத்தில் கிடந்த சாமான்களைப் பார்த்தாள். துணிப்பை, தலையணை, பிளாஸ்டிக் பக்கெட்டு. பக்கெட்டுக்குள் குவளை. லீவுக்கு வருகிறவள் ஹாஸ்டல் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வர மாட்டாள். மலர்கொடிக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் இன்னும் இருபது கூடை இருந்தது. சும்மாட்டைச் சரி செய்துகொண்டு போய்விட்டாள்.

கலைமதி நர்சிங் டிப்ளமோவில் இரண்டாம் வருஷம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே ஒரு மணி நேரம் போனால் காலேஜ். காலையில் ஆஸ்பத்திரி வார்டில் டியூட்டி, மதியம் வகுப்பு, ராத்திரி ஹாஸ்டல். அந்த உப்பளத்தில் வேலை செய்கிற நாற்பது குடும்பத்தில் நர்சிங் போன முதல் பெண். போன தீபாவளிக்கு வந்தபோது எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்து பிரஷர் பார்த்தாள். விருத்தாம்பாளுக்கு நூற்றறுபது இருந்தது. "வாயக் கொறைச்சா எறங்கிடும்" என்று சொன்னவள் இவள்தான். இப்போது அந்த வாய் மூடிக் கிடந்தது.

எட்டு நாள் அப்படியே போயிற்று. குளிக்கச் சொன்னால் குளித்தாள், சொல்லாவிட்டால் இல்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே இருப்பாள். மலர்கொடி காரப்பொடி மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். முள் எடுத்துக்கூடக் கொடுத்தாள். இரண்டு வாய். பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், ஆனால் தூங்கவில்லை. விடியற்காலையில் வேலைக்குப் போக இவர்கள் எழுந்திருக்கும்போது அவள் கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பாள். யாருடைய போன் அடித்தாலும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

சிவஞானத்துக்குப் பொறுமை போய்விட்டது. உப்பு விளையாவிட்டால் தண்ணீர் சரியில்லை, காற்று சரியில்லை, பாத்தியைச் சரியாக மிதிக்கவில்லை என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லலாம். இதற்கு என்ன காரணம் என்று யாரைக் கேட்பது?

"ஒடம்புக்கு என்னா?"

"ஒண்ணும் இல்ல."

"எவனாவது பின்னாடி வந்து தொந்தரவு குடுக்கறானா? பேரச் சொல்லு, போய்ப் பாக்கறேன்."

"அதெல்லாம் இல்ல."

"பெயிலா?"

"இல்லன்னு சொல்றேன்ல."

"அப்பறம் என்னா எழவுக்குடி இப்பிடிக் கெடக்கற? வாயத் தொறந்து சொன்னாத்தான தெரியும்?"

அப்போதுதான் அவள் அவனைப் பார்த்தாள். "உனுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

"எனுக்கு என்னா தெரியும்?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பார்வை சிவஞானத்துக்குப் பிடிபடவில்லை. ஏதோ தப்பு செய்தவனைப் பார்க்கிற பார்வை. பெற்ற மகளுக்கு என்ன தப்பு செய்தோம் என்று யோசித்து யோசித்து அவனுக்குக் கோபம்தான் வந்தது. தட்டைத் தள்ளிவிட்டு வெளியே போய் நின்றான்.

"இந்தாய்யா, கத்தாத," என்றாள் மலர்கொடி, பின்னாலேயே வந்து. "கூனிமேட்டுல ஒரு பாய் ஓதிக் குடுக்கறாராம். தாயத்து கட்டினா தெளிஞ்சிடும்னு விருத்தா சொல்றா."

"விருத்தா சொல்லுவா. அவ பிரஷருக்குக் கட்டிக்கினாளா தாயத்து?"

"அப்பறம் நீ என்னா பண்ணப் போற?"

"என்னா பண்றதுன்னு தெரிஞ்சா பண்ண மாட்டனா?"

புதன்கிழமை காலேஜிலிருந்து போன் வந்தது. சிவஞானம் போனை உப்புத்தண்ணீர் படாமல் பால் கவரில் சுற்றி இடுப்பில் வைத்திருப்பான். கவருக்கு மேலேயே விரலால் தேய்த்து எடுத்தான்.

"கலைமதி அப்பாங்களா? ஆபீஸ்லேர்ந்து மோகன் பேசறேன். எட்டு நாளா ஆப்சென்ட். இன்னா நெனச்சிட்டு இருக்கீங்க? அட்டெண்டன்ஸ் போனா பரீட்சை எழுத முடியாது, பேர எடுத்துடுவாங்க. வெள்ளிக்கெழம கவுன்சிலிங் இருக்குது. பொண்ணக் கூட்டிட்டு வந்துடுங்க."

"கவுன்சிலிங்கா? மறுபடியும்..."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

சிவஞானம் பலகையைப் போட்டுவிட்டு வரப்பில் ஏறி உட்கார்ந்தான்.

கவுன்சிலிங் என்றால் என்னவென்று அவனுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கலைமதியோடு போனான். பெரிய ஹால், வாசலில் பந்தல், பந்தலுக்குள் ஐநூறு அப்பன்கள், ஐநூறு பைல்கள். மேலே ஒரு திரையில் எந்தக் காலேஜில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு பெண்ணாக உள்ளே போக, எண் குறைந்துகொண்டே வந்தது. கலைமதியைக் கூப்பிட்டபோது அவள் கேட்ட காலேஜில் மூன்று இடம் இருந்தது. அந்த மூன்றைப் பார்த்து அவன் அழுதே விட்டான். ஊரில் எல்லோருக்கும் அதுதான் கவுன்சிலிங். சீட்டு கிடைக்கிற இடம். கிடைக்காமல் போகிற இடமும் அதுதான்.

"என்னாய்யா?" என்றாள் மலர்கொடி.

"சீட்ட வேற யாருக்கோ குடுக்கப் போறாங்க. மறுபடியும் கவுன்சிலிங் வச்சிருக்காங்க."

"அய்யய்யோ. படிச்சிகினு இருக்கும்போதேவா?"

"வராம இருந்தா குடுப்பாங்கதான? சும்மாவா வச்சிருப்பான்?"

அன்று சாயங்காலம் டிரங்குப் பெட்டியைத் திறந்து பைலை எடுத்தான். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டின் நகல்கள், எட்டு போட்டோ. நகல்களில் ஒன்றைக் கரையான் அரித்திருந்தது. மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் இரண்டு செட் எடுத்துக்கொண்டு வந்தான். கலைமதி படுத்தபடியே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டி.சி. வாங்கத்தான போறோம்?" என்றாள். வந்ததிலிருந்து அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

"வா, போய்ப் பாக்கலாம்," என்றான். சண்டை போட அவனிடம் தெம்பு இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மேற்கே மேகம் கட்டியிருந்தது. கோடை மழை ஒன்று இறங்கினால் பாத்தியில் இருப்பது கரையும், அம்பாரத்தில் இருப்பது ஒழுகும், பிறகு தண்ணீரை இறைத்துப் பாத்தியை மறுபடி முதலிலிருந்து மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். போகாதே என்று யாரும் சொல்லவில்லை. "தார்ப்பாய நானும் விருத்தாவும் இழுத்துக்கறோம், நீ சீட்டப் பாரு," என்றாள் மலர்கொடி. விருத்தாம்பாள் ஒரு படி மேலே போனாள்: "குடுக்கலன்னா அங்கயே படுத்துடு சிவா. எழுந்திருக்காத."

பஸ்ஸில் கலைமதி ஜன்னலோரம். சிவஞானம் மடியில் பைல். கூனிமேடு தாண்டும்போது அவன் சொன்னான்: "பசிக்குதா? எறங்கற எடத்துல இட்லி சாப்புடலாம்." அவள் தலையை ஆட்டினாள். வேண்டும் என்றா வேண்டாம் என்றா, தெரியவில்லை. அவன் கேட்கவுமில்லை.

காலேஜ் வாசலில் ஒரு சிமென்ட் பெஞ்சு. கலைமதி அதில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே வர மாட்டேன் என்று சொல்லவில்லை, எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். அவள் கை லேசாக நடுங்குவதை அப்போதுதான் அவன் கவனித்தான். துப்பட்டாவைச் சுருட்டிச் சுருட்டி அதை மறைத்துக்கொண்டிருந்தாள்.

ஆபீசில் மோகன் கண்ணாடிக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும்.

சிவஞானம் பைலைத் திறந்து ஒவ்வொன்றாக மேசைமேல் பரப்பினான்.

"இதெல்லாம் எதுக்குங்க?"

"கவுன்சிலிங்குக்கு. ரெண்டு செட்டு ஜெராக்ஸ் இருக்குது. போட்டோ எட்டு."

மோகன் சான்றிதழ்களைப் பார்த்தான், சிவஞானத்தைப் பார்த்தான். பிறகு சிரித்தான். டீ சிந்திவிடாமல் கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"அந்தக் கவுன்சிலிங் இல்லீங்க. இது மனசுக்கு. ஸ்டூடண்ட்ஸ் வெல்பேர்னு ஒண்ணு வச்சிருக்கோம். படிக்கற பசங்க டல்லா இருந்தா உக்கார வச்சுப் பேசுவாங்க. அதுக்கும் பேரு கவுன்சிலிங்தான்."

"சீட்டு?"

"சீட்டு அப்பிடியேதான் இருக்குது. இதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா கிளாசுக்கே போயிடலாம்." ஒரு தாளை நீட்டினான். அதோடு ஒரு நோட்டையும் புரட்டினான். "ஆனா உங்க பொண்ணுக்குத்தான் ஏற்கெனவே முடிஞ்சிருக்கே."

"என்னா முடிஞ்சிருக்குது?"

"கவுன்சிலிங். இதோ பாருங்க."

சிவஞானம் எட்டாவது வரை படித்தவன். எழுத்துக் கூட்டிப் படித்தான். பங்குனி மாதத்துத் தேதி. கலைமதி, இரண்டாம் ஆண்டு. பக்கத்தில் நீல மையில்: 'கவுன்சிலிங் முடிந்துவிட்டது. தந்தை போனில் உறுதி செய்தார்.'

அவன் அந்த வரியை மறுபடியும் முதலிலிருந்து கூட்டிப் படித்தான்.

பங்குனியில் ஒரு போன் வந்தது. முதல் உப்பு வாரிய வாரம். ஒரு பெண் குரல். கலைமதிக்குக் கவுன்சிலிங் குடுக்கலாம்னு இருக்கோம் சார், நீங்க ஒரு தடவை வர முடியுமா என்று கேட்டது. பிளஸ் டூ முடித்த பெண் வீட்டில் இருந்தால், எங்கெங்கிருந்தோ காலேஜ்காரர்கள் போன் செய்து சீட்டு இருக்குது, சீட்டு இருக்குது என்று உயிரை எடுப்பார்கள். இரண்டு வருஷம் ஆகியும் விடமாட்டேன் என்கிறார்களே என்று அவனுக்கு எரிச்சல். கையெல்லாம் உப்புத்தண்ணீர். "அதெல்லாம் முடிஞ்சிடுச்சும்மா. நல்லபடியா முடிஞ்சிடுச்சு. இனிமே இதுக்குப் போன் பண்ணாதீங்க," என்று சொல்லி வைத்துவிட்டான். வைத்த பிறகு பக்கத்துப் பாத்திக்காரனிடம் அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தான்.

"இத எழுதுனது யாரு?"

"ரேகா மேடம். கவுன்சிலர். மாசத்துக்கு ரெண்டு வெள்ளி வருவாங்க. இன்னைக்கி வந்திருக்காங்க, அந்தக் கடைசி ரூம்."

கடைசி அறையின் கதவில் 'மாணவர் நல்வாழ்வு மையம்' என்று எழுதி, சிரிக்கிற சூரியன் ஒன்றை வரைந்திருந்தார்கள். உள்ளே பாதி இடத்தை உடைந்த நாற்காலிகள் அடைத்துக்கொண்டிருந்தன. மீதிப் பாதியில் ஒரு மேசை, அதற்குப் பின்னால் ஒரு பெண். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது. முன்னால் பேர்கள் எழுதிய நீளப் பட்டியல்.

"கலைமதி அப்பாவா? உக்காருங்க சார்," என்றாள் ரேகா. "வெளியில எங்க காட்டுனீங்க? மாத்திரை ஏதாவது குடுத்தாங்களா?"

"எங்கயும் காட்டல."

"கவுன்சிலிங் முடிஞ்சிடுச்சுன்னு சொன்னீங்களே சார். வெளியில யாருகிட்டயோ கூட்டிட்டுப் போயிருக்கீங்கன்னுதான் நான் லிஸ்ட்லேர்ந்து எடுத்தேன். இருநூத்தி நாப்பது பேரு, ஒருத்தி நானு. முடிஞ்சதுன்னு ஒரு பேரன்ட் சொன்னா..."

"நான் சீட்டு கவுன்சிலிங்னு நெனச்சேம்மா."

ரேகாவுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் சிரிக்கவில்லை. பேனாவை மூடிப் பட்டியலைத் தள்ளி வைத்தாள்.

"சார், அன்னைக்கி அவ இங்கதான் உக்காந்திருந்தா. இதே சேர்ல. நான் ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன்."

சிவஞானம் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடியை விட்டுவிட்டான்.

"நீங்க பேசி முடிச்சதும், 'எங்கப்பாவுக்கு இது புடிக்கல மேடம், விட்டுடுங்க'ன்னு சொன்னா. அப்பவும் நான் வேற மாதிரி எடுத்துக்கிட்டேன். வீட்ல வேற டாக்டர்கிட்ட காட்டறாங்க, அத வெளிய சொல்லக் கூச்சப்படறான்னு. அவளக் கேட்டிருக்கணும். கேக்கல."

"அவளுக்கு என்னாதாம்மா ஆச்சு?"

ரேகா தயங்கினாள். "அவளே சொன்னாத்தான் சரி. ஒண்ணு மட்டும் சொல்றேன், வார்டுல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அவ பாத்துட்டிருந்த ஒரு அம்மா, ஒம்பதாம் நம்பர் பெட், பங்குனி ஆரம்பத்துல இவ டியூட்டில எறந்துட்டாங்க. இவ மேல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா சார்ட்டுல ஒரு எடம் எழுதாம விட்டிருந்தா. அதுக்குத் தண்டனன்னு அந்த பாடிய இவளத் தனியா தொடச்சுக் கட்டச் சொல்லிட்டாங்க. மறுநாளு அதே பெட்டுல வேற ஆளு. ஊசி போடப் போனா கை நடுங்குது. பேஷண்டு எல்லாரும் பாத்துட்டிருக்கும்போது டியூட்டர் சொல்லியிருக்காங்க..."

"என்னா சொன்னாங்க?"

"வேணாம் சார்."

"சொல்லும்மா."

"நீ உப்பு வாரத்தான் லாயக்குன்னு."

சிவஞானம் தன் கைகளைப் பார்த்தான். முப்பது வருஷமாக வாரிய கைகள். அந்த வேலைக்கு லாயக்கு என்று சொல்வதற்கு அந்த டியூட்டர் அம்மா ஒரு நாள், ஒரே ஒரு நாள் பலகையைப் பிடித்திருக்குமா? அவனுக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாது. டியூட்டர் மேல், மோகனின் சிரிப்பின் மேல், இந்த ஓட்டை நாற்காலிகளின் மேல், எல்லாவற்றுக்கும் மேலாகப் பால் கவருக்குள் இருக்கிற போனின் மேல்.

"அந்த டீச்சரம்மாவ யாரு கேக்கறது?"

"நான் எழுதிக் குடுத்திருக்கேன் சார்."

"எழுதிக் குடுத்தா?"

"பாத்துட்டிருக்காங்க."

"அப்பறம் என்னாத்துக்கும்மா நீ? மடைய அடைக்காம பாத்திய மட்டும் எறச்சிகினே இருந்தா தண்ணி வத்துமா? எறைக்கறவன் சாவ வேண்டியதுதான்."

"தெரியும் சார்," என்றாள் ரேகா. அவள் குரல் உயரவில்லை. "மடை என் கையில இல்ல. எறைக்கறதுதான் என் வேலை. அதையும் உங்க பொண்ணு விஷயத்துல நான் சரியா பண்ணல."

அதற்குமேல் அவளைத் திட்டவும் முடியவில்லை. சிவஞானம் எழுந்து ஆபீசுக்கு வந்தான். மோகன் கொடுத்த தாள் மேசைமேல் அப்படியே இருந்தது. கூட்டிப் படித்தான். என் மகள் நல்ல மனநிலையில் உள்ளார். பயிற்சிக் காலத்தில் அவருடைய மனநலம் தொடர்பாக எது நேர்ந்தாலும் அதற்குப் பெற்றோராகிய நாங்களே பொறுப்பு. கல்லூரி நிர்வாகம் பொறுப்பல்ல.

"இன்னா, போட்டாச்சா?"

"நல்ல மனநெலையில இருக்கறான்னு யாரு பாத்தா?"

"பார்மாலிட்டிங்க. எல்லாரும் போடறதுதான்."

"நீ பாத்தியா? வாசல்லதான் உக்காந்திருக்குது, போய்ப் பாரு. கை நடுங்குது. அதப் பாத்துட்டு வந்து இதுல நீ கையெழுத்துப் போடு, நானும் போடறேன்."

"ஏங்க, நான் எப்பிடிங்க போடறது?"

"அந்த நோட்ட எடு."

"எதுக்கு?"

"எடுப்பா."

அவன் குரலில் இருந்த ஏதோ ஒன்றுக்காக மோகன் எடுத்தான். சிவஞானம் அந்த வரியில் விரலை வைத்தான். விரல் நுனி உப்பில் வெடித்து, வெடிப்பு கறுத்திருந்தது.

"இது நான் தெரியாம சொன்னது. இத அடி."

"ரெஜிஸ்டருங்க. நான் அடிக்கக் கூடாது."

"எழுதுனவங்களக் கூப்புடு."

ரேகா வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. தன் கையெழுத்தின்மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்து, மேலே 'முடியவில்லை' என்று எழுதித் தேதி போட்டாள். பேனாவை அவனிடம் கொடுத்தாள். அதற்குப் பக்கத்தில் சிவஞானம் தன் பேரை எழுதினான். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக எழுதினான்.

"அந்த லெட்டரு?" என்றான் மோகன்.

"அதுல போட மாட்டேன். காலேஜும் பொறுப்புன்னு சேத்து எழுதிக் குடுங்க, போடறேன்."

"பிரின்சிபால் மேடத்தக் கேக்கணும். அவங்க மீட்டிங்ல இருக்காங்க. சாயங்காலம் ஆவும்."

"ஆவட்டும்."

வெளியே வந்தான். கலைமதி அதே இடத்தில் இருந்தாள். காற்று ஈரமாக அடித்தது. அவன் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பைலை நடுவில் வைத்தான்.

"பங்குனில அந்த மேடம் போன் பண்ணப்ப நான் பேசுனத நீ கேட்டியாமே."

துப்பட்டாவைச் சுருட்டிய கை நின்றது.

"நான் சீட்டுன்னு நெனச்சேன்டி."

"எந்த சீட்டு?"

"கவுன்சிலிங்குன்னாங்க. எவனோ காலேஜுக்காரன் சீட்டு குடுக்கறேன்னு கூப்புடறான்னு நெனச்சேன். நமக்குத்தான் கெடச்சிடுச்சே, முடிஞ்சிடுச்சேன்னு அப்பிடிச் சொன்னேன். இன்னைக்கிக்கூட அதான்னு நெனச்சித்தான் இதெல்லாம் தூக்கிகினு வந்தேன்."

அவள் பைலைத் திறந்தாள். இரண்டு செட் நகல். சாதிச் சான்றிதழ். ரப்பர் பேண்டு போட்ட எட்டு போட்டோ, பிளஸ் டூவில் எடுத்தது, இரட்டைச் சடை. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சிரிப்பாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவள் முகம் கோணிக்கொண்டு வந்தது.

"ரெண்டு மாசம்பா," என்றாள். "உனுக்குத் தெரியும், தெரிஞ்சும் வாணாம்னுட்டன்னு ரெண்டு மாசமா..."

முடிக்கவில்லை. அழுதாள். சத்தமாக, மூக்கு ஒழுக அழுதாள். வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தான். சிவஞானம் அவள் தோளைத் தொடலாமா என்று யோசித்து, கையை பெஞ்சின் மேலேயே வைத்துக்கொண்டான். அழுது முடிக்கட்டும் என்று சாலையில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டி.சி. வேணுமா?" என்று கேட்டான், கொஞ்ச நேரம் கழித்து. "வேணும்னா வாங்கிட்டுப் போயிடலாம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"தெரியல."

"அந்த மேடம் உள்ள இருக்குது. அதுகிட்டப் பேசறியா?"

"பேசினா என்னா ஆவப் போவுது? திரும்ப அதே வார்டுதான். அதே டியூட்டர்தான்."

பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "ஆமா," என்றான். "அத நான் பிரின்சிபால் வந்தப்பறம் கேக்கப் போறேன். என்னா சொல்வாங்கன்னு எனுக்குத் தெரியாது. நீ போய் உன்னோடத சொல்லு."

கலைமதி துப்பட்டாவில் முகத்தைத் துடைத்தாள். எழுந்தாள். வாசற்படியில் ஒரு தரம் நின்றாள். பிறகு உள்ளே போனாள். கடைசி அறையின் கதவு, அந்தச் சூரியன் போட்ட கதவு, மூடிக்கொள்வது பெஞ்சிலிருந்து தெரிந்தது.

மணி ஒன்று, ஒன்றரை. இட்லி சாப்பிடாதது நினைவுக்கு வந்தது. மோகன் இரண்டு தரம் வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். முதல் தூறல் சிமென்ட் பெஞ்சில் விழுந்தபோது சிவஞானம் பைலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். இடுப்பில் போன் அடித்தது. மலர்கொடி. பின்னால் தார்ப்பாய் காற்றில் படபடக்கிற சத்தமும் விருத்தாம்பாள் யாரையோ திட்டுகிற சத்தமும் கேட்டன.

"மழ புடிச்சிகிச்சுய்யா! அம்பாரத்த மூடிட்டோம். பாத்தி போச்சு. எல்லாம் போச்சு. அங்க என்னா? கவுன்சிலிங் முடிஞ்சிடுச்சா?"

சிவஞானம் அந்த மூடிய கதவைப் பார்த்தான்.

"இன்னும் முடியல," என்றான்.